பேசின் பிரிட்ஜிலிருந்து ஷ்லீரன் வரை

எங்கள் தெருவில் சுவிட்சர்லாந்து என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று சினிமா. இன்னொன்று ஐ.சி.எஃப்.

சினிமாக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1969 தீபாவளிக்கு ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ வந்தபோது, சிவாஜி ஐரோப்பாவில் நடந்து வருவதைப் பார்க்கவே வடசென்னை தியேட்டர்களில் கூட்டம் நின்றதாக அம்மா சொல்வார். பிறகு இந்திப் படங்கள் அந்த மலைகளைத் தத்தெடுத்துக்கொண்டன. இண்டர்லாக்கன் ஊரில் யஷ் சோப்ராவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். பனி, பச்சைப் புல்வெளி, மணி கட்டிய மாடு என்று ஒரு படம் நம் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது அர்த்தம் புளியந்தோப்பு, பெரம்பூர், அயனாவரம் பக்கத்து வீடுகளுக்கு மட்டுமே உரியது. என் தாத்தா 1957-இல் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்தார். புளியந்தோப்பிலிருந்து பெரம்பூர் வழியாக சைக்கிளில் போய் வருவார். அவர் வாயிலிருந்து ‘சுவிட்சர்லாந்து’ என்ற சொல் பனியோடு சேர்ந்து வந்ததே இல்லை. வெல்டிங் ராடோடும் ஸ்டீல் தகட்டோடும் சேர்ந்துதான் வரும். “சுவிஸ்காரன் போட்ட அளவு, ஒரு நூல் தப்பாது” என்பார்.

சுதந்திரம் கிடைத்த கையோடு, ரயில் பெட்டிகளை இங்கேயே செய்ய வேண்டும் என்று முடிவானது. 1949-இல் சூரிச்சை ஒட்டிய ஷ்லீரன் என்ற சிற்றூரிலிருந்த பெட்டித் தொழிற்சாலையோடு இந்திய அரசு ஒப்பந்தம் போட்டது. ரயில் பெட்டியும் லிஃப்டும் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. எடை குறைந்த ஸ்டீல் பெட்டிகளை 1937 முதல் சுவிஸ் தண்டவாளங்களில் ஓடவிட்ட அனுபவம் அதற்கு இருந்தது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு பெரம்பூர் தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் பெட்டியின் கூடு மட்டும்தான் இங்கே செய்தார்கள். இருக்கை, விளக்கு, மின்விசிறி எல்லாம் பொருத்தும் பிரிவு 1962-இல்தான் வந்தது.

அதற்கு முந்தைய பெட்டிகளில், கீழே இரும்புச் சட்டம் இருக்கும், மேலே மரத்தில் உடம்பு இருக்கும். இரண்டு ரயில்கள் மோதினால் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டு உள்ளே இருப்பவர்களை நசுக்கிவிடும். ஷ்லீரன் வடிவமைப்பில் தரை, சுவர், கூரை மூன்றையும் ஸ்டீலில் ஒன்றாகப் பற்றவைத்து ஒரே குழாய்போல ஆக்கினார்கள். சுவரும் பாரம் தாங்கியது. 2018 ஜனவரியில் கடைசிப் பெட்டி வெளியேறும்வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியா ஏறி இறங்கியது அந்தக் குடும்பத்துப் பெட்டிகளில்தான். சக்கரச் சட்டத்தைப் பழைய தொழிலாளர்கள் ‘ஷ்லீரன் போகி’ என்றே சொல்வார்கள். பேசின் பிரிட்ஜ் யார்டில் கழுவுவதற்காக வந்து நிற்கும் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்தச் சொல் ஓர் ஊரின் பெயர் என்பதே வெகுகாலம் தெரியாது.

அம்மாவுக்கு அறுபது முடிந்தது. எங்கே கூட்டிப்போகட்டும் என்று கேட்டேன். காசி என்பார் என்று நினைத்திருந்தேன்.

“எங்கப்பாவுக்கு வேலை கத்துக் குடுத்தாங்களே, அவுங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறியா?”

ஒரு வருடமாக நடக்கும் ஏற்பாட்டின் கதை இது. நாங்கள் இன்னும் கிளம்பவில்லை. செப்டம்பரில் போக உத்தேசம். ஆனால் இந்த ஒரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, இப்படி ஒரு பயணத்துக்கு ஆசைப்பட்டு ‘நமக்கெல்லாம் எங்கே’ என்று ஒதுங்கும் பல வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் மலை காகிதம்தான்

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் 2008 டிசம்பர் முதல் இருக்கிறது. எனவே அங்கே போக வாங்க வேண்டியது ஷெங்கன் விசா. சென்னையிலேயே விண்ணப்ப மையம் உண்டு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 2024 ஜூனில் 80-இலிருந்து ஏற்றினார்கள். நம் காசில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய், அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளாவது இருக்க வேண்டும். முடிவு சொல்லப் பொதுவாகப் பதினைந்து நாள் ஆகும், சில நேரம் நாற்பத்தைந்து நாள்வரை இழுக்கும். கோடையில் சந்திப்பு நேரம் கிடைப்பதே பாடு. ஆகவே மூன்று, நான்கு மாதம் முன்பே போய்விடுவது நல்லது.

இதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். எங்கள் பகுதிக்காரர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

விசா அதிகாரிக்கு நாம் நிரூபிக்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: போனால் திரும்பி வந்துவிடுவோம் என்பது. வேலை இருக்கிறதா, வரி கட்டுகிறோமா, வங்கியில் பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று அவர் பார்க்கிறார். எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் வேர்விட்டு வாழ்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த வேரைக் காட்டும் காகிதம் யாரிடமும் ஒழுங்காக இல்லை. ஹவுசிங் போர்டு வீட்டின் ஒதுக்கீட்டு ஆணை தாத்தா பெயரில் இருக்கும். கரண்ட் கார்டும் அவர் பெயரில். அம்மா முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்துச் சம்பாதித்த பணத்துக்கு ஒரு ரசீதுகூடக் கிடையாது.

சேமிப்பும் அப்படித்தான். எங்கள் வீட்டின் பெரிய பணம் எல்லாம் ஏலச்சீட்டில் இருக்கிறது. தெருவில் நம்பிக்கையான ஓர் அக்கா இருபது பேரைச் சேர்த்து நடத்துவார். கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் ஃபீஸ் என்று எல்லாவற்றையும் தாங்கும் ஏற்பாடு அது. ஆனால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் அது தெரியாது. சீட்டு எடுத்து விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மூன்று லட்சத்தைக் கொண்டுபோய்ப் போட்டால், அந்த வரிதான் முதலில் அதிகாரியின் கண்ணை உறுத்தும். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சீட்டுக்கார அக்காவின் நோட்டைக் காட்ட முடியாது.

ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் போனேன். “ஒரு மாசத்துக்கு நாங்களே உங்க அக்கவுன்ட்ல பணம் போட்டு வைக்கிறோம், விசா வந்ததும் எடுத்துக்குவோம், கமிஷன் மட்டும் குடுங்க” என்றார். வேலைச் சான்றிதழும் செய்து தருவாராம். எழுந்து வந்துவிட்டேன். ஷெங்கன் நாடுகள் விண்ணப்பங்களை ஒரே கணினித் தொகுப்பில் வைத்திருக்கின்றன. பொய்க் காகிதம் ஒரு நாட்டில் பிடிபட்டால் அடுத்த நாட்டின் மேசையிலும் அது தெரியும். நம் பிள்ளைகள் நாளை படிக்கவோ விளையாடவோ ஐரோப்பா போக வேண்டியிருக்கலாம். இன்றைய அவசரத்துக்காக வீட்டுப் பெயரில் அப்படி ஒரு கறையை வைத்துவிடக் கூடாது.

மாற்றாக நாங்கள் செய்தது மெதுவான வேலை. அம்மா ஒரு வருடமாகத் தையல் காசை வாராவாரம் வங்கியில் போடுகிறார். சில வாரம் ஐந்நூறுதான். சீட்டுப் பணம் வந்தபோது, அது வந்த அன்றே வங்கியில் போட்டோம். விண்ணப்பிக்கப் பத்து மாதம் இருக்கும்போது நடந்தது அது. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்யலாம் என்பதால் அம்மா பெயரில் தாக்கல் செய்தோம். பயணச் செலவு முழுவதையும் நான் ஏற்பதாக ஒரு கடிதம், கூடவே நான் அவர் பிள்ளை என்பதற்கு என் பிறப்புச் சான்றிதழ், என் மூன்று வருட வரிக் கணக்கு, ஆபீஸில் கொடுத்த லீவு லெட்டர். சுவிட்சர்லாந்து ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 ஃபிராங்க் கையிருப்பு எதிர்பார்க்கிறது. எங்கள் இருவருக்கும் ஒன்பது நாளுக்கு 1,800 ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் இரண்டு லட்சம் தாராளமாகத் தெரிய வேண்டும்.

பாஸ்போர்ட்டிலேயே அம்மாவுக்கு மூன்று மாதம் போனது. ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால், மாநகராட்சிப் பள்ளியின் டி.சி-யில் இனிஷியலே இல்லை. பிறந்த தேதியும் ஆதாரில் ஆண்டு மட்டும். டி.சி-யை வைத்து ஆதாரைத் திருத்தி, அதன் பிறகு அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போனோம். போலீஸ் விசாரணைக்கு வந்தவரைப் பார்த்து என்னவோ ஏதோ என்று அக்கம்பக்கம் கூடிவிட்டது. புளியந்தோப்பு முகவரிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்த முகவரியைச் சொல்லி வேலைக்கு விண்ணப்பித்த யாருக்கும் அது தெரியும். விசாரணைக்கு வந்தவர் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “ஃபாரினா? நல்லா போயிட்டு வாங்கம்மா” என்றார். பத்தாவது முடிக்காத சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று அச்சாகி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு அது, சுற்றிப்பார்க்கப் போகிறவர்களைத் தடுக்காது.

இன்னும் சில: பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. விமான டிக்கெட்டை விசாவுக்கு முன் முழுப் பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை, முன்பதிவு போதும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

பேக்கேஜ் வேண்டாம் என்று ஏன் முடிவெடுத்தோம்

ஐரோப்பா பேக்கேஜ்களில் சுவிட்சர்லாந்துக்கு இரண்டு, மூன்று இரவுதான் கிடைக்கிறது. ஏதோ ஒரு பனிமலை, ஒரு ஏரி, ஒரு சாக்லேட் கடை, பிறகு பஸ்ஸில் ஏறி அடுத்த நாடு. அம்மாவுக்கு முழங்கால் வலி. தினமும் பெட்டி கட்டி ஓட முடியாது. அதோடு எந்தப் பேக்கேஜிலும் ஷ்லீரன் கிடையாது.

எங்கள் திட்டத்தில் சூரிச் பக்கத்தில் சமையலறையோடு ஒரே அறை, எட்டு இரவும் அங்கேயே. காலையில் ரயிலேறி மாலையில் திரும்புவது. அந்த நாட்டில் இது சாத்தியம். சூரிச்சிலிருந்து பெர்ன் ஒரு மணி நேரம், லுசெர்ன் ஒரு மணிக்கும் குறைவு. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று ஸ்விஸ் டிராவல் பாஸ் இருக்கிறது. மூன்று நாளுக்கானது இரண்டாம் வகுப்பில் 240 ஃபிராங்குக்கு மேல், எட்டு நாளுக்கானது 400-க்கு மேல். நாள் கூடக் கூட ஒரு நாளின் விலை விழுந்துகொண்டே வரும். ரயில், பஸ், டிராம், ஏரிப் படகு எல்லாம் அதற்குள் அடக்கம். ஐந்நூறு மியூசியங்களும் ரிகி மலை ரயிலும் கூட அதிலேயே. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு இலவசம் என்பதைக் குடும்பமாகப் போகிறவர்கள் மறக்க வேண்டாம்.

முதல் நாள் ஷ்லீரன். சூரிச் மெயின் ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயிலில் பத்து நிமிடம். தொழிற்சாலை 1985-இலேயே மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக ‘வாகி’ என்பார்கள். அந்த இடத்தில் இப்போது உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன. வாகி பெயரில் ஒரு சிறிய மியூசியமும் இருக்கிறது. சுற்றுலா என்று பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பின்னி மில் 1996-இல் மூடியதையும், அந்த நிலத்தில் பிறகு எழுந்தவற்றையும் பார்த்த எங்களுக்கு, மூடிய தொழிற்சாலையை ஓர் ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்க ஆசை.

இரண்டாம் நாள் விண்டர்தூர், இருபத்தைந்து நிமிடம். நம் நீலகிரி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் பிறந்த ஊர் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் வண்டி ஓடத் தொடங்கியது. நடுவில் பல்சக்கரம் கடித்து ஏறும் அந்தத் தண்டவாள முறைக்கு ‘ஆப்ட்’ என்று பெயர். கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் உருவாக்கியது. 1914 முதல் 1952 வரை விண்டர்தூர் தொழிற்சாலை அந்தப் பாதைக்கு எஞ்சின் அனுப்பியிருக்கிறது.

மூன்றாம் நாள் பல்சக்கர ரயிலின் தாய்வீடு: ரிகி. 1871-இல் வீட்ஸ்நாவ் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து ரிகி மலைக்கு ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயிலை ஓட்டியவர் நிக்லாஸ் ரிகன்பாக். 1882-இல் நீலகிரிக்கும் ரயில் போட முடியுமா என்று திட்டம் கேட்டு அவரைத்தான் அழைத்தார்கள். ரிகிக்காக 1873-இல் செய்த, கொதிகலன் நட்டமாக நிற்கும் ஏழாம் எண் எஞ்சின்தான் விண்டர்தூர் தொழிற்சாலையின் முதல் எஞ்சின். ஆர்ட்-கோல்டாவ் பக்கம் ஏறி, வீட்ஸ்நாவ் பக்கம் இறங்கி, அங்கிருந்து படகில் லுசெர்ன் போவதாகத் திட்டம். பாஸ் இருந்தால் இதில் எதற்கும் தனிக் காசு இல்லை.

ரிகியின் உச்சி 1,798 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். இதைத் தெரிந்துகொண்ட நாளில் அம்மாவின் பயம் பாதி போனது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவரை 3,454 மீட்டரில் உள்ள யுங்ஃபிராவ்யோஹ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. டிக்கெட்டும் எங்கள் சக்திக்கு மேல். பனியைக் கையால் தொட வேண்டும் என்ற ஆசைக்கு டிட்லிஸ் மலை ஒரு நாள். அங்கே பாஸ் இருந்தால் பாதி விலை. அதுவும் 3,020 மீட்டர் என்பதால், டாக்டர் சரி என்றால்தான். மேலே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

அங்கே நம் ஆட்கள்

சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் ஐம்பதாயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். முதல் தலைமுறையில் பலர் ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவித்தான் அந்த நாட்டில் காலூன்றினார்கள். சூரிச்சை ஒட்டிய அட்லிஸ்வில்லில் முருகன் கோயில் இருக்கிறது. பெர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்தில் மசூதி, தேவாலயம், பௌத்த நிலையத்தோடு ஒரே கூரையின்கீழ் சைவநெறிக்கூடத்தின் சிவன் கோயிலும் இருக்கிறது. தமிழிலேயே வழிபாடு நடக்கும் கோயில். பாசல் பக்கத்து மரியாஸ்டைன் மாதா கோயிலுக்கு ஆகஸ்டில் தமிழர்கள் திரளாக யாத்திரை போவார்கள். ஐன்சீடல்னில் உள்ள கறுப்பு மாதாவுக்கும் நம்மவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதுண்டு. ராயபுரம், வேளாங்கண்ணி என்று மதம் பார்க்காமல் போய்ப் பழகிய அம்மாவுக்கு இரண்டு இடமும் பட்டியலில் உண்டு.

ஒன்று மட்டும் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அவர்கள் கடையில் மிளகாய்த்தூள் வாங்கலாம், நலம் விசாரிக்கலாம். ‘நீங்க எப்படி இங்க வந்தீங்க’ என்று நாமாகக் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கான பதிலில் எத்தனை சாவு இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

நோட்டுக் கணக்கு

இருவருக்கும் சேர்த்து என் நோட்டில் உள்ள மதிப்பீடு: விமானம் 1,40,000 ரூபாய். சென்னையிலிருந்து சூரிச்சுக்கு நேர் விமானம் இல்லை, வளைகுடா வழியோ பிராங்பர்ட் வழியோ போக வேண்டும். அறை எட்டு இரவுக்கு 1,040 ஃபிராங்க். பாஸ் இரண்டுக்கும் 850. சாப்பாடு 400. டிட்லிஸ், மற்றவை 200. ஃபிராங்குக்கு 110 ரூபாய் என்று வைத்தால் விமானம் நீங்கலாக இதெல்லாம் 2,74,000-ஐ நெருங்கும். விசா, காப்பீடு, ஸ்வெட்டர், ஷூ எல்லாம் 35,000. மொத்தம் நாலரை லட்சம். எங்களுக்கு இது சின்னப் பணம் இல்லை. இரண்டு சீட்டும் என் மூன்று வருடச் சேமிப்பும்.

சாப்பாட்டுக்கு 400 ஃபிராங்க் என்பது அறையில் சமைத்தால் மட்டும். வெளியே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தால் இரண்டே நாளில் தீரும். மிக்ரோ, கோப் என்ற இரண்டு பெரிய கடைகளில் அரிசி, முட்டை, காய்கறி, பால் எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் வாங்கவே தேவையில்லை. சூரிச் நகரில் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல் குடிநீர் ஊற்றுகள் உண்டு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற அம்மா இதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

கொண்டுபோகும் பொருளில்தான் எங்களுக்குள் ஒரு சண்டை. ஆடுதொட்டிப் பக்கம் வளர்ந்தவர் அம்மா. அவர் போடும் உப்புக்கண்டத்துக்குத் தெருவே ரசிகர். அதை ஒரு டப்பா எடுத்துப்போக நினைத்தார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் இறைச்சியும் பால் பொருளும் சுவிஸ் எல்லைக்குள் அனுமதி இல்லை. உப்புக்கண்டமும் போச்சு, பால்கோவாவும் போச்சு. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் போதும் என்று சமாதானமானோம்.

மே மாதம் பள்ளி லீவு என்பதால் நம்மவர்கள் அப்போதுதான் கிளம்புவார்கள். ஆனால் வசந்த காலத்திலும் நவம்பரிலும் பல மலைகளின் ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் அதிகம். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்குச் செப்டம்பர் பொருத்தம்.

ஜனவரியில் ஒத்திகை பார்த்தோம். காலை ஏழு மணி வண்டியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு. குளிர் தாங்குகிறதா, வாங்கிய ஷூ கடிக்கிறதா, ஒரு நாள் முழுக்க நடந்தால் முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஷூ கடித்தது, மாற்றினோம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பல்லில் விழும் சத்தம் கேட்டது. வண்டி நடை வேகத்துக்கு இறங்கியது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை, காலுக்குக் கீழேயே கவனமாக இருந்தார்.

“ஒரு நூல் தப்பலை பார்” என்றார்.

விண்ணப்ப மையத்தில் அடுத்த மாதம் இரண்டாம் புதன்கிழமை எங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், காலை பத்தரை மணி. ஃபைலில் முப்பத்தாறு காகிதம் சேர்ந்திருக்கிறது. பயண நோக்கம் பற்றிய கடிதத்தில் சுற்றுலா என்று எழுதி, நாள்வாரியாக ஊர்களை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஷ்லீரனுக்கு எதிரே மட்டும் ஒரு வரி கூடுதலாக விளக்கம். தாத்தாவின் ஐ.சி.எஃப். அடையாள அட்டையின் நகலையும் சேர்க்கலாமா என்று அம்மா கேட்டார். விசாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முப்பத்தேழாவதாக வைத்திருக்கிறேன்.